ஏழாவது வார்டின் 2,500 கதவுகள்

இன்னைக்கு ஒரு வீட்டு வாசல்ல இருந்து ஆரம்பிக்கலாம்.

யாரோ கதவைத் தட்டுறாங்க. திறந்து பார்த்தா, கழுத்துல அடையாள அட்டை, கையில ஒரு ஃபார்ம். "வீட்ல எத்தனை பேர்? யாருக்காவது சர்க்கரை, பிபி இருக்கா? குடிதண்ணி எங்கிருந்து வருது? கழிப்பறை உள்ளேயா, வெளியேயா?" நாமும் அடுப்பில் இருக்கிற பாலை நினைச்சுக்கிட்டே, பாதி உண்மையும் பாதி "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க"வுமா பதில் சொல்லி அனுப்பிடுவோம். ஒரு நகரப் பகுதியில் இருக்கிற மக்களுக்கு என்னென்ன நோய், என்னென்ன வசதி தேவை என்று கண்டுபிடிக்க இன்றைக்கும் உலகம் முழுக்கப் பயன்படுகிற வழிகளில் இதுவும் ஒன்று. இந்தக் கதவு தட்டும் வேலைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் ஒரே ஒரு வருஷத்தை, ஒரே ஒரு வார்டை மட்டும் இந்த எபிசோடில் பார்க்கப் போகிறோம்.

1896 ஆகஸ்ட். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரம். ஏழாவது தெருவும் லம்பார்ட் தெருவும் சேர்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே இருக்கிற ஒற்றை அறைக்கு ஒரு தம்பதி குடிவருகிறார்கள். கல்யாணமாகி மூணு மாசம்தான் ஆகிறது. கணவருக்கு வயது 28. ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கியவர், பெர்லினில் படித்தவர். வெளியே போனால் கைத்தடி, கையுறை இல்லாமல் போக மாட்டார். பெயர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ். மனைவி நீனா.

பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரை ஒரு வருஷத்துக்கு, 900 டாலர் சம்பளத்தில் வேலைக்கு எடுத்திருந்தது. பதவியின் பெயர் உதவிப் பயிற்றுநர். ஆனால் பயிற்றுவிக்க மாணவர்கள் கிடையாது. உட்கார அறை கிடையாது. பல்கலைக்கழகக் கையேட்டில் பெயர்கூட ஒழுங்காக வரவில்லை. காரணம் ரொம்ப எளிமையானது. அவர் கறுப்பினத்தவர். கொடுத்த வேலையும் அதுக்கேத்த மாதிரிதான்: நகரத்தின் ஏழாவது வார்டில் இருக்கிற கறுப்பின மக்களை ஆய்வு பண்ணிட்டு வா.

ஏழாவது வார்டு என்பது ஒரு நீளமான பட்டை. ஸ்ப்ரூஸ் தெருவுக்கும் சவுத் தெருவுக்கும் நடுவில், ஏழாவது தெருவிலிருந்து ஸ்கூல்கில் ஆறு வரை. வடக்குப் பக்கம் பணக்கார வெள்ளைக்காரர்களின் வீடுகள். அந்த வீடுகளில் சமையல், துணி துவைப்பு, குதிரை வண்டி ஓட்டுவது, கதவு திறந்துவிடுவது எல்லாம் கறுப்பின மக்கள். அதனால் அவர்கள் நடந்து போகிற தூரத்திலேயே குடியிருக்க வேண்டியிருந்தது. வேறு பகுதிகளில் வாடகைக்குக் கேட்டால் பல வீட்டுக்காரர்கள் தர மாட்டார்கள். வார்டுக்குக் கொஞ்சம் கிழக்கே, ஆறாவது தெருவில், 1794-ல் ரிச்சர்ட் ஆலன் தொடங்கிய மதர் பெத்தேல் சர்ச். சர்ச்சை விட்டும் தூரமாகப் போக முடியாது.

ரிச்சர்ட் ஆலன் பெயரைச் சொல்லிட்டேன். அதனால ஒரு நூறு வருஷம் பின்னாடி போயிட்டு வந்துடலாம். இது இந்தக் கதைக்குத் தேவை.

1793-ல் ஃபிலடெல்ஃபியாவில் மஞ்சள் காய்ச்சல் பரவியது. சுமார் 50,000 பேர் இருந்த ஊரில் 5,000 பேர் செத்துப் போனார்கள். வசதி இருந்தவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். அப்போது நகரத்தின் பெரிய மருத்துவர் பெஞ்சமின் ரஷ் ஒரு கருத்து சொன்னார்: கறுப்பின மக்களுக்கு இந்தக் காய்ச்சல் வராது, அதனால் நோயாளிகளைக் கவனிக்க அவர்கள் முன்வர வேண்டும். ஆலனும் அப்சலோம் ஜோன்ஸும் தங்கள் ஆட்களைத் திரட்டிக்கொண்டு போனார்கள். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள், பிணங்களைப் புதைத்தார்கள். காய்ச்சல் அவர்களையும் விடவில்லை. கறுப்பின மக்களிலும் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். இதுக்கு அப்புறம் மேத்யூ கேரி என்ற பதிப்பாளர், பணிவிடை செய்த கறுப்பினத்தவர்களில் சிலர் அநியாயக் கூலி வாங்கினார்கள், திருடினார்கள் என்று எழுதினார். ஜோன்ஸும் ஆலனும் 1794-ல் கணக்கு வழக்கோடு ஒரு சிறு நூல் வெளியிட்டுப் பதில் சொன்னார்கள்.

அதாவது, இதே தெருக்களில், நூறு வருஷம் முன்னாடி, "இந்த உடம்புக்கு நோய் வராது" என்று ஒரு நிபுணர் சொன்னார். 1896-ல் வேறொரு நிபுணர் அதைத் தலைகீழாகச் சொன்னார்: "இந்த உடம்பு நோயிலேயே அழிந்துவிடும்."

அவர் பெயர் ஃபிரெடரிக் ஹாஃப்மன். ஜெர்மனியில் பிறந்தவர். புருடென்ஷியல் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் புள்ளிவிவர நிபுணர். டு பாய்ஸ் ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்த அதே 1896-ல், முந்நூறு பக்கத்துக்கு மேல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பக்கத்துக்குப் பக்கம் அட்டவணை. கறுப்பின மக்களின் இறப்பு விகிதம் அதிகம், காசநோய் அதிகம், குழந்தை மரணம் அதிகம். எண்கள் பெரும்பாலும் அரசுப் பதிவுகளிலிருந்து எடுத்தவை. ஆனால் அவர் எடுத்த முடிவு: காரணம் வாழ்க்கை நிலைமை இல்லை, இனத்தின் இயல்பு. எனவே வைத்தியமோ உதவியோ பிரயோஜனம் இல்லை, இந்த இனம் தானாகவே தேய்ந்து மறைந்துவிடும்.

இதுல காசு விஷயமும் இருக்கு. புருடென்ஷியல் 1881-லேயே, அதே பிரீமியம் கட்டுகிற கறுப்பினத்தவர்களுக்கு இழப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டது. அதற்கு ஒரு விஞ்ஞான நியாயம் தேவைப்பட்டது. ஹாஃப்மனின் அட்டவணைகள் அந்த இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டன.

டு பாய்ஸை வேலைக்கு எடுத்தவர்களின் மனதிலும் ஏறக்குறைய ஒரு முடிவு தயாராகவே இருந்தது. சூசன் வார்ட்டன் என்ற சமூக சேவகியும், பல்கலைக்கழகத்தை நடத்திய சார்லஸ் ஹாரிசனும் நல்ல எண்ணம் உள்ளவர்கள்தான். ஆனால் நகரத்தின் சீர்திருத்தக்காரர்கள் மத்தியில் ஒரு நம்பிக்கை இருந்தது. ஊர் கெட்டுப்போனதுக்குக் காரணம் ஏழாவது வார்டு. அங்கே என்ன கோளாறு என்று ஆதாரத்தோடு சொல்ல ஓர் ஆள் வேண்டும். பின்னாளில் டு பாய்ஸ் இதைக் கொஞ்சம் கசப்போடுதான் நினைவுகூர்ந்தார்.

சரி, அவர் என்ன பண்ணார்?

அதுக்கு முன்னாடி இந்த மாதிரி வேலைகள் இரண்டு நடந்திருந்தன. லண்டனில் சார்லஸ் பூத் என்ற கப்பல் முதலாளி 1880-களில் தொடங்கி, தெருத் தெருவாக வறுமையைக் கணக்கெடுத்து வண்ண வரைபடம் போட்டார். படு ஏழைகளின் தெருவுக்குக் கறுப்பு, பணக்காரத் தெருவுக்கு மஞ்சள். ஆனால் பூத்தின் தகவல்களில் பெரும்பகுதி, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் வருகிறார்களா என்று பார்க்க வீடு வீடாகப் போன அதிகாரிகளிடம் கேட்டு வாங்கியது. சிகாகோவில் ஹல் ஹவுஸ் பெண்கள், ஃப்ளோரன்ஸ் கெல்லியும் மற்றவர்களும், தங்கள் சுற்றுவட்டாரத்தில் யார் எந்த நாட்டிலிருந்து வந்தவர்கள், வாரக் கூலி எவ்வளவு என்று 1895-ல் வரைபடம் வெளியிட்டார்கள். டு பாய்ஸ் இந்த இரண்டையும் பார்த்தே தொடங்கினார். வித்தியாசம் என்னன்னா, இவருக்கு ஆள்படை கிடையாது. வீட்டு வேலை செய்கிறவர்களைப் பற்றிய பகுதியை மட்டும் இசபெல் ஈட்டன் என்ற இளம் பெண் தனியாக ஆய்வு செய்து எழுதினார். மற்றபடி வார்டின் ஒவ்வொரு கதவையும் தட்டியது டு பாய்ஸ் ஒருவர்தான்.

சுமார் 2,500 குடும்பங்கள். 9,675 மனிதர்கள். ஒரு வீட்டுக்குச் சராசரியாக இருபது நிமிஷம் என்று வைத்துக்கொண்டால்கூட, 800 மணி நேரத்துக்கு மேல் மற்றவர்களின் வரவேற்பறையிலும் சமையலறையிலும் உட்கார்ந்திருக்கிறார்.

ஆறு விதமான படிவங்கள் தயாரித்திருந்தார். குடும்பத்துக்கு ஒன்று, தனி ஆளுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று, சர்ச் மாதிரி அமைப்புகளுக்கு ஒன்று, முதலாளி வீட்டிலேயே தங்கி வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று. எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வீட்டுக்கும் தெருவுக்கும் தனிப் படிவம் வைத்ததுதான். ஹாஃப்மன் மனிதர்களை மட்டும் எண்ணினார். இவர் ஜன்னலையும் எண்ணினார்.

வரவேற்பு எப்படி இருந்தது? அவ்வளவு நல்லா இல்லை. எங்களை என்ன மிருகம் மாதிரி அறுத்துப் பார்க்க வந்திருக்கியா என்கிற மாதிரிப் பேச்சு அவர் காதில் விழுந்தது. அதுவும் முன்பின் தெரியாத ஒரு கறுப்பினத்தவன், கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு வந்து கேட்கிறான். அவரும் பின்னாளில் ஒப்புக்கொண்டார், அந்த மக்களைப் பற்றித் தனக்கு எதுவுமே தெரியாமல்தான் உள்ளே போனேன் என்று. அவர் வளர்ந்தது மாசசூசெட்ஸில் ஒரு சின்ன ஊர். அங்கே கறுப்பினக் குடும்பங்களே ரொம்பக் குறைவு. தன் மக்கள் என்று நினைத்துப் போன இடத்தில் அவரும் ஓர் அந்நியர்தான்.

1899-ல் புத்தகம் வந்தது. பெயர் 'தி ஃபிலடெல்ஃபியா நீக்ரோ'. இன்றைக்கு அந்தச் சொல்லை யாரும் பயன்படுத்துவதில்லை. அன்றைக்கு அது மரியாதையான சொல். அதைப் பெரிய எழுத்தில் தொடங்கி எழுதுவேன் என்று முதல் பக்கத்திலேயே அடிக்குறிப்பு போட்டுச் சண்டை பிடித்தார். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்கிற பேதமே இல்லை, அதனால் அந்த ஒரு எழுத்துக்குப் பின்னால் இருக்கிற வலி நமக்குச் சட்டென்று புரியாது.

அந்தப் புத்தகத்தின் பத்தாவது அத்தியாயம் உடல்நலம் பற்றியது. அதில் ஒரு எண்ணை நான் முதலில் படித்தபோது இரண்டு தடவை சரிபார்த்தேன். 2,441 குடும்பங்களில் குளியலறை, கழிப்பறை வசதி இருந்தது 334 குடும்பங்களுக்கு. நூற்றுக்கு 14 கூட இல்லை. அந்த 334-லும் பலருக்கு இருந்தது பேருக்கு ஒரு வசதிதான். மற்றவர்களுக்கு? பெரிய வீடுகளுக்குப் பின்னால், சந்துக்குள், தெருவிலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாத சின்னச் சின்ன வீடுகள். கொல்லையில் பல குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரு கழிப்பிடம். ஜன்னல் இல்லாத படுக்கை அறை, ஈரம், குளிர். இதற்கு வாடகை குறைவா என்றால் இல்லை. அதே மாதிரி வீட்டுக்கு வெள்ளைக்காரர் கொடுப்பதைவிட அதிகம் கொடுத்தார்கள். வாடகை கட்ட முடியாமல் இருக்கிற அறைகளில் ஒன்றை உள்வாடகைக்கு விட்டார்கள். ஆக, இரண்டு பேர் மூச்சு விடுகிற காற்றை நாலு பேர் பகிர்ந்துகொண்டார்கள். காசநோய்க்கு வேறு என்ன வேண்டும்?

இப்போது இறப்புக் கணக்கு. 1891 முதல் 1896 வரை ஃபிலடெல்ஃபியாவில் ஆயிரம் கறுப்பினத்தவருக்கு ஆண்டுக்குச் சுமார் 28 மரணம். வெள்ளையருக்குச் சுமார் 21. இடைவெளி இருப்பதை டு பாய்ஸ் மறைக்கவே இல்லை. அவர் கேட்ட கேள்வி வேறு. 1820-களில் இதே ஊரில் கறுப்பினத்தவரின் இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 47. எழுபது வருஷத்தில் அது 28-க்கு இறங்கியிருக்கிறது. இனத்தின் இயல்புதான் காரணம் என்றால் இயல்பு எப்படி இறங்கும்?

அடுத்து வார்டு வாரியாகப் பிரித்தார். ஏழாவதுக்குப் பக்கத்தில் இருந்த ஐந்தாவது வார்டு, நகரத்திலேயே சுகாதாரம் மோசமான இடம். கறுப்பின மக்களின் இறப்பு விகிதம் அங்கேதான் உச்சம். முப்பதாவது வார்டு, நல்ல வீடுகளும் சுத்தமான தெருக்களும் இருந்த இடம். கொஞ்சம் வசதி வந்த கறுப்பினக் குடும்பங்கள் அப்போதுதான் அங்கே குடியேறியிருந்தன. அங்கே விகிதம் குறைவு. ஒரே இனம், ஒரே ஊர், வேறு தெரு.

ஹாஃப்மனுக்கு அவர் 1897-லேயே ஒரு மதிப்புரையில் நேரடியாகப் பதில் சொல்லிவிட்டார். மியூனிக், நேப்பிள்ஸ், மாட்ரிட், மாண்ட்ரியால் மாதிரி வெள்ளையர் நகரங்களின் இறப்பு விகிதங்களை எடுத்து வைத்தார். அமெரிக்க நகரங்களின் கறுப்பின மக்களுக்குச் சமமாக, சில இடங்களில் அதைவிட அதிகமாகவே இருந்தன. ஜெர்மனியில் பிறந்த ஹாஃப்மனுக்கு மியூனிக்கை உதாரணம் காட்டியதில் கொஞ்சம் குறும்பும் இருக்குன்னு நினைக்கிறேன்.

இன்னொரு விஷயமும் அந்த அத்தியாயத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரி பயம். செத்தாலும் சாகிறேன், ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்கிற பலரைப் பற்றி எழுதுகிறார். வேறு யாராவது எழுதியிருந்தால் மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார்கள். இவர் மூடநம்பிக்கையும் உண்டு என்று சொல்லிவிட்டு, அங்கே அவர்களை நடத்துகிற முரட்டுத்தனமும் காரணம் என்கிறார். ஒரு பகுதிக்கு ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அந்த வாசலில் கால் வைக்க மக்களுக்கு மனசு வருதா என்பது இன்னொரு கேள்வி. பல நவீனப் படிவங்களில்கூட இரண்டாவது கேள்வியைக் காணோம்.

இந்தத் தேவையை வார்டுக்காரர்களே ஏற்கெனவே உணர்ந்திருந்தார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1882-ல் மருத்துவப் பட்டம் வாங்கிய முதல் கறுப்பினத்தவர் நேத்தன் மோசல். அவர் 1895-லேயே லம்பார்ட் தெருவில், 1512-ஆம் எண் வீட்டில், ஃபிரெடரிக் டக்ளஸ் பெயரில் ஓர் ஆஸ்பத்திரி தொடங்கிவிட்டார். கூடவே கறுப்பினப் பெண்களுக்கு நர்ஸ் பயிற்சிப் பள்ளி. இதெல்லாம் டு பாய்ஸ் ஊருக்குள் வருவதற்கு முன்னாடியே நடந்தது.

இப்படிச் சொன்னால் டு பாய்ஸை நான் முழுசா தூக்கி வைக்கிற மாதிரி இருக்கும். அப்படி இல்லை. அவரிடம் ஒரு பள்ளி ஆசிரியர் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். வார்டின் வரைபடத்தில் வீடுகளை நான்கு தரமாகப் பிரித்தார். நடுத்தர வர்க்கம், உழைக்கிறவர்கள், ஏழைகள், கடைசியாகக் குற்றவாளிகளும் ஒழுக்கம் கெட்டவர்களும். ஒரு வீட்டுக்குள் இருபது நிமிஷம் இருந்துவிட்டு அந்த வீட்டின் ஒழுக்கத்துக்கு நிறம் பூசுவது எப்படி? நோய்க்குக் காரணம் சொல்லும்போதும் வீடு, கூலி என்று சொல்லிவிட்டு, குளிப்பதில்லை, உடுப்பு சரியில்லை, குழந்தையைக் கவனிப்பதில்லை என்றும் சேர்த்துக்கொள்வார்.

இதை அப்போதே ஒருவர் எதிர்த்தார். ரெபெக்கா கோல். 1867-ல் பட்டம் பெற்றவர், அமெரிக்காவில் மருத்துவரான இரண்டாவது கறுப்பினப் பெண். இளம் வயதில் நியூயார்க்கில் எலிசபெத் பிளாக்வெல்லின் மருத்துவமனையில் வேலை பார்த்தபோது, ஏழைகளின் வீடு வீடாகப் போய்த் தாய்மார்களுக்குச் சுகாதாரம் சொல்லிக் கொடுத்தவர். கதவு தட்டும் வேலையில் டு பாய்ஸைவிட முப்பது வருஷம் சீனியர். அவர் 1896-ல், 'தி உமன்ஸ் எரா' என்ற பத்திரிகையில் எழுதினார்: சுகாதார அறிவு இல்லாததால்தான் இவர்களுக்குக் காசநோய் என்ற பேச்சை ஏற்க முடியாது, வெள்ளை மருத்துவர்கள் கறுப்பின நோயாளிகளிடம் நோயின் பூர்விகத்தைச் சரியாக விசாரிப்பதே இல்லை, அப்படி எழுதின பதிவுகளை வைத்து எப்படி முடிவு சொல்வது? மக்களை நெருக்கியடித்துக் குடிவைக்கிற வீட்டுக்காரர்களைச் சட்டத்தால் கட்டுப்படுத்தவும் சொன்னார். ஒரு ஆளுக்கு இவ்வளவு கன அடி காற்றாவது வேண்டும் என்று.

இது வெறும் வாய்ச்சண்டை இல்லை. கணக்கின் அடியில் இருக்கிற பதிவேட்டை யார் எழுதினார்கள் என்று கோல் கேட்டார். அந்த இடத்தில் டு பாய்ஸும் ஹாஃப்மனும் ஒரே பதிவேட்டைத்தான் நம்பியிருந்தார்கள். என் கணக்கில் அந்த வாதத்தில் ஜெயித்தது கோல்தான்.

புத்தகம் வெளிவந்ததும் நல்ல விமர்சனங்கள் வந்தன. பல்கலைக்கழகம் அவருக்கு வேலை தரவில்லை. 1897 கடைசியிலேயே அவர் தெற்கே அட்லாண்டாவுக்குப் போய்விட்டார். ஏழாவது வார்டின் சந்துகளில் கழிப்பறைகள் முளைக்கவில்லை. உண்மையை எண்ணாகக் காட்டினால் போதும், உலகம் திருந்தும் என்று அதுவரை நம்பியிருந்தார்.

1899 ஏப்ரலில், ஜார்ஜியாவில் சாம் ஹோஸ் என்ற கறுப்பினத் தொழிலாளியை ஒரு கும்பல் எரித்துக் கொன்றது. டு பாய்ஸ் பத்திரிகை ஆசிரியரைப் பார்த்து நிதானமாக ஒரு கடிதம் கொடுக்கக் கிளம்பினார். வழியில், இறந்தவரின் விரல் முட்டி எலும்புகள் ஒரு கடையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பதாகக் கேள்விப்பட்டு, பாதி வழியிலேயே திரும்பி வந்துவிட்டார். அடுத்த மாதம், மே 1899, அவருடைய மகன் பர்காட் டிப்தீரியாவில் இறந்தான். இரண்டு வயதுகூட ஆகவில்லை. அட்லாண்டாவில் அப்போது கறுப்பின மருத்துவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவரைத் தேடி டு பாய்ஸ் அலைந்தார், கிடைக்கவில்லை. ஒரு வார்டு முழுக்க மரணத்தை எண்ணியவரின் வீட்டில், அந்தப் புத்தகம் வந்த அதே வருஷம்.

எண்ணுவதை அவர் விடவில்லை. 1906-ல் அட்லாண்டாவில் கறுப்பின மக்களின் உடல்நலத்துக்காகவே ஒரு மாநாடு கூட்டி, தனிப் புத்தகமே போட்டார். மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் வந்து கலந்துகொண்டார். அதில் ஃபிலடெல்ஃபியா எண்களும் திரும்ப வருகின்றன. ஆனால் இந்த முறை மருத்துவர்கள், ஆஸ்பத்திரிகள், மருந்துக் கடைகள் எங்கெங்கே இருக்கின்றன என்றும் எண்ணினார். மக்களிடம் என்ன குறை என்பதோடு, மக்களிடம் என்ன இருக்கிறது என்பதும் கணக்கில் ஏறியது.

இன்றைக்கு ஏழாவது வார்டு இருந்த இடத்துக்குப் போனால், அந்தச் சந்து வீடுகளில் மிச்சம் இருப்பவை நல்ல விலைக்குப் போகின்றன. கறுப்பினக் குடும்பங்கள் பெரும்பாலும் எப்போதோ வேறு பகுதிகளுக்குப் போய்விட்டன. ஆறாவது தெருவும் சவுத் தெருவும் சந்திக்கிற இடத்தில் ஒரு சுவரோவியத்தில் டு பாய்ஸ் நிற்கிறார். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவருக்கு ஓய்வுபெற்ற பேராசிரியர் என்ற கௌரவப் பட்டத்தை 2012-ல் கொடுத்தது. அப்போது அவர் இறந்து ஏறக்குறைய 49 வருஷம் ஆகியிருந்தது.